பிரெட் மெஷினுக்கு எவ்வளவு தெரியும்?

1987 பிப்ரவரியில் ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த மட்சுஷிதா எலெக்ட்ரிக் கம்பெனி, அதாவது இன்றைய பானசோனிக், ஒரு சமையலறைப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ‘ஹோம் பேக்கரி’, விலை 36,000 யென். மாவு, தண்ணீர், உப்பு, சர்க்கரை, வெண்ணெய், ஈஸ்ட் எல்லாவற்றையும் அளந்து போட்டு, மூடி, பட்டனை அழுத்திவிட்டு நம்ம வேலையைப் பார்க்கப் போகலாம். சில மணி நேரம் கழித்து வந்தால் உள்ளே சுடச்சுட பிரெட் இருக்கும். முதல் வருடத்திலேயே 5,36,000 பெட்டிகள் விற்றன. ஒரு புது சமையலறைச் சாதனத்துக்கு அப்போது அது சாதனை.

இதோடு நின்றிருந்தால் இது மிக்ஸி, கிரைண்டர் மாதிரி இன்னொரு சாமானின் கதை. ஆனால் இந்தப் பெட்டிக்கு வேறொரு வாழ்க்கையும் கிடைத்தது. எம்.பி.ஏ. வகுப்புகளில் ‘அனுபவசாலியின் கையில் இருக்கும் அறிவை எடுத்து மெஷினுக்குள் வைக்க முடியும்’ என்பதற்கு உதாரணமாக முப்பது வருடத்துக்கு மேலாக இந்த பிரெட் மெஷினைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஐ.டி. கம்பெனிகளில் ‘கே.டி.’ என்று ஒன்று நடக்குமே, வேலையை விட்டுப் போகிறவரை உட்காரவைத்து, தலையில் இருப்பதையெல்லாம் டாக்குமெண்டில் எழுதி வாங்குவது, அதன் பின்னால் இருக்கும் நம்பிக்கைக்கும் இந்தக் கதைக்கும் நெருங்கிய சொந்தம்.

அந்தக் கதை எவ்வளவு தூரம் உண்மை? மெஷினுக்கு உண்மையில் என்ன தெரியும்? வீட்டுக்கு பிரெட் மெஷின் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி உதவும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கைப்பிடி சுற்றிய காலம்

‘முதல் பிரெட் மெஷினைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்று தேடினால் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று மட்சுஷிதா. இன்னொன்று ஜோசப் லீ என்ற அமெரிக்கர். இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய பதில் இல்லை என்பதுதான் விஷயம்.

ஜோசப் லீ கறுப்பினத்தவர். அடிமைமுறை இருந்த காலத்தில் தெற்குக் கரோலினாவில் பிறந்து, பிற்பாடு பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் ஹோட்டல் நடத்தியவர். 1894-ல் மாவு பிசையும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். மிஞ்சிப்போன பிரெட் வீணாகிறதே என்று, அதைத் தூளாக்கும் மெஷினுக்கு 1895-ல் இன்னொன்று வாங்கினார். இரண்டுமே ஹோட்டல் சமையலறையின் அன்றாடப் பிரச்சினையிலிருந்து வந்தவை. ஆனால் லீயின் முதல் மெஷின் செய்தது பிசைவதை மட்டும்தான். மாவைப் பொங்க வைப்பதும் சுடுவதும் ஆட்கள் செய்கிற வேலையாகவே இருந்தது.

வீடுகளுக்கு வந்தது ‘யுனிவர்சல்’ என்ற தகர வாளி. கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த லேண்டர்ஸ், ஃப்ரேரி அண்ட் கிளார்க் கம்பெனியின் தயாரிப்பு. 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. மேஜையில் இறுக்கி மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே வளைந்த ஒரு கொக்கி, மேலே கைப்பிடி. முதலில் திரவங்கள், பிறகு மாவு, மூன்று நிமிடம் சுற்றல், அதே வாளியில் மாவைப் பொங்க விடுதல், பிறகு உருண்டையாகும்வரை மறுபடி சுற்றல். பழம்பொருள் கடைகளில் இந்த வாளிகள் இன்னும் கிடைக்கின்றன. மூடியிலேயே செய்முறையைப் பொறித்திருப்பார்கள்.

ஆக, 1900-களின் தொடக்கத்திலேயே பிசைகிற வேலை மெஷினுக்குப் போய்விட்டது. அப்புறம் முழு வேலையும் போவதற்கு ஏன் எண்பது வருடம் ஆனது?

பிரெட் செய்வதைப் படிப்படியாக எழுதிப் பார்த்தால் காரணம் புரியும். கலத்தல், பிசைதல், முதல் முறை பொங்க விடுதல், காற்றை இறக்குதல், மறுபடி பொங்க விடுதல், சுடுதல். இதில் பிசைவது கால் மணி நேரம், சுடுவது முக்கால் மணி நேரம். மீதி எல்லாம் காத்திருப்பது. காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. இட்லி மாவு ஆட்டி வைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். குளிர்காலத்தில் ராத்திரி முழுக்க வைத்தாலும் பொங்காது, மே மாதத்தில் நாலு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வெளியே வழியும். சூட்டைக் கவனித்து, நேரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஆள் வேண்டும். கைப்பிடிக்கு அது முடியாது.

பெட்டிக்கு வெளியே நடந்த வேலைகள்

1980-களில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன.

ஒன்று, மைக்ரோகம்ப்யூட்டர் சிப் மலிவானது. மட்சுஷிதாவில் ரைஸ் குக்கருக்குத் தனிப் பிரிவு, ஹாட் பிளேட், டோஸ்டர் போன்ற சூடேற்றும் சாதனங்களுக்குத் தனிப் பிரிவு, ஃபுட் பிராசஸர் மாதிரி சுழலும் சாதனங்களுக்குத் தனிப் பிரிவு என்று இருந்தன. மூன்றும் திணறிக்கொண்டிருந்ததால் 1984-ல் ஒன்றாக இணைத்தார்கள். சிப் வைத்து சூட்டைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள், ஹீட்டர் தெரிந்தவர்கள், மோட்டார் தெரிந்தவர்கள், எல்லோரும் ஒரே கூரையின் கீழ். இந்த மூன்றையும் கூட்டினால் என்ன சாமான் கிடைக்கும் என்று யோசித்தால் பிரெட் மெஷின் தன்னால் வந்து நிற்கும். அமெரிக்க வீடுகளில் அன்றாட வாழ்க்கை எப்படி மாறுகிறது என்று பார்த்துவர ஒரு குழுவையும் அனுப்பினார்கள். பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், வீட்டுச் சமையல் எளிமையாகிக்கொண்டே வருகிறது, சாப்பாட்டின் தரமும் குறைகிறது என்று அந்தக் குழு வந்து சொன்னது. சுலபமாகவும் இருக்கணும், நல்ல சாப்பாடாகவும் இருக்கணும் என்பதே புதுப் பிரிவின் இலக்கானது.

இரண்டாவதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை: ஈஸ்ட். பேக்கரிகளில் பயன்படுத்திய ஈரமான கட்டி ஈஸ்ட் சில வாரங்களில் கெட்டுவிடும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்கப் படைக்காக உருவான உலர் ஈஸ்ட் பல மாதம் தாங்கும், ஆனால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து உயிர்ப்பிக்க வேண்டும். 1970-களில் ஐரோப்பிய ஈஸ்ட் கம்பெனிகள் இன்ஸ்டன்ட் உலர் ஈஸ்ட் கொண்டுவந்தன. மாவோடு நேரடியாகக் கலக்கலாம். ஒரு கிராம் என்றால் போன மாதமும் இந்த மாதமும் ஏறக்குறைய ஒரே வேகம். மாவு மில்களும் அதற்குள் புரத அளவு மாறாத பிரெட் மாவைப் பாக்கெட்டில் போட்டு விற்கப் பழகியிருந்தன.

நம்ம பாஷையில் சொன்னால், உள்ளே வரும் இன்புட் எல்லாம் முன்கூட்டியே சீராக்கப்பட்டுவிட்டது. வேலிடேஷன் வெளியே நடந்து முடிந்த பிறகுதான் புரோகிராம் உள்ளே ஓட முடிந்தது.

தொழிற்சாலைகள் இதே சமயத்தில் வேறு பாதையில் போனதையும் சொல்லணும். இங்கிலாந்தின் சோர்லிவுட் ஊரில் இருந்த பேக்கிங் ஆராய்ச்சி நிலையம் 1961-ல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. மாவைச் சில நிமிடங்கள் மிக மூர்க்கமாக அடித்துக் கலக்கினால், மணிக்கணக்கில் பொங்க விடும் வேலையே பெருமளவு மிச்சம். தொழிற்சாலையில் நேரம்தான் பணம், அதனால் நேரத்தை வெட்டினார்கள். வீட்டில் மனிதரின் கவனம்தான் அரிது, நேரம் கிடக்கட்டும். அதனால் வீட்டு மெஷின் இன்றும் சாதாரண பிரெட்டுக்கு மூன்று நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அது மெஷினின் குறை இல்லை.

ஒசாகா ஹோட்டலின் மாஸ்டர்

இப்போது பிரபலமான கதைக்கு வருவோம்.

1985-ல் முதல் மாதிரிகள் சரியாக வரவில்லை. மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. மெஷின் பிசைந்த மாவையும் பேக்கரிக்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூட ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை.

சாஃப்ட்வேர் பிரிவைச் சேர்ந்த இகுகோ தனாகா என்ற பெண் ஒரு யோசனை சொன்னார். ஒசாகாவிலேயே நல்ல பிரெட்டுக்குப் பெயர் வாங்கியது ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டல். அங்கே போய் தலைமை பேக்கரிடம் வேலை கற்றுக்கொண்டால் என்ன? போனார், பிசைந்தார், பார்த்தார். மாஸ்டர் மாவைப் பிசைவதோடு நிற்கவில்லை. ஒரு மாதிரி முறுக்கி இழுக்கிறார் என்பது அவர் கண்ணில் பட்டது. அதை இன்ஜினியர்களிடம் எண்களில் சொல்ல முடியவில்லை. ‘முறுக்கி இழுக்கணும்’, ‘இன்னும் வலுவா சுத்தட்டும்’, ‘இன்னும் வேகமா’ என்று சொல்லிச் சொல்லித்தான் திருத்தினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் முயற்சி. கடைசியில் பாத்திரத்தின் உள்சுவரில் மேடாகச் சில வரிகள் வைத்தார்கள். பிரெட் சரியாக வந்தது.

அந்த மேடுகள் என்ன செய்கின்றன? கோதுமை மாவில் இருக்கும் இரண்டு புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் ஆகின்றன. அது இழுபட்டு இழுபட்டுத்தான் வலைபோல உருவாகும். ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்துவைப்பது இந்த வலைதான். வழவழப்பான உருண்டைப் பாத்திரத்தில் பிளேடு சுழன்றால் மாவு உருண்டையும் கூடவே ராட்டினம் சுற்றும், இழுபடாது. சுவரில் ஒரு மேடு இருந்தால் மாவு அங்கே மாட்டும். பிளேடு ஒரு பக்கம் இழுக்கும். நடுவில் மாவு முறுகி நீளும். இன்றைக்கும் எந்தக் கம்பெனி பிரெட் பாத்திரத்தை எடுத்து உள்ளே பார்த்தாலும் ஏதாவது ஒரு மேடோ மடிப்போ இருக்கும்.

நம்ம ஊர் பரோட்டா மாஸ்டரிடம் ‘எவ்வளவு பலமா வீசணும்?’ என்று கேட்டால் ‘கைப்பழக்கம் தம்பி’ என்பார். ஒசாகாவிலும் அதேதான்.

சூட்டுப் பிரச்சினை

பிசைவது தீர்ந்ததும் அடுத்தது வந்தது. கோடையில் ஒரு மாதிரி, குளிர்காலத்தில் ஒரு மாதிரி பிரெட். பிசையும்போது உராய்வில் மாவே சூடாகும். அறையும் சூடாக இருந்தால், பிசைந்து முடிவதற்கு முன்பே ஈஸ்ட் பொங்க ஆரம்பித்துவிடும். அதற்குக் குளிரூட்டும் அமைப்பு ஒன்றை மெஷினில் வைக்கத் திட்டமிருந்தது. ஆனால் விலை ஏறும்.

கடைசியில் கிடைத்த வழி பழைய வழி. சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவிகள் இல்லாத காலத்தில், ஈஸ்ட்டை முதலிலேயே சேர்க்காமல் பிசையும் வேலை கொஞ்சம் ஆன பிறகு சேர்ப்பார்களாம். அதையே மெஷினில் செய்தார்கள். மேலே ஒரு சின்ன அறை, குறித்த நேரத்தில் அது திறந்து ஈஸ்ட் விழும். குளிரூட்டி தேவையே இல்லாமல் போனது, செலவும் குறைந்தது, பிரெட்டும் சீராக வந்தது. பானசோனிக் மாடல்கள் பலவற்றில் இருக்கும் ஈஸ்ட் டிஸ்பென்சரின் பூர்வீகம் இதுதான்.

எனக்கு மாவை முறுக்கும் கதையைவிட இது பிடிக்கும். முதல் கதையில் ஒரு நிபுணரின் கையைப் பார்த்து நகல் எடுத்தார்கள். இரண்டாவதில் பிரச்சினையையே மாற்றிப்போட்டார்கள். பேக்கர் சூட்டைத் தொட்டுப் பார்த்து முடிவெடுப்பார். மெஷினுக்கு அந்த முடிவெடுக்கும் திறமையைக் கற்றுத்தரவில்லை, அது தேவைப்படாத மாதிரி வரிசையை மாற்றினார்கள்.

கதை வகுப்பறைக்குப் போனது

1991-ல் இகுஜிரோ நொனாகா என்ற ஜப்பானியப் பேராசிரியர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அறிவை உருவாக்கும் கம்பெனி என்பது கருத்து. 1995-ல் ஹிரோடாகா தகேயுச்சியோடு சேர்ந்து அதே தலைப்பில் புத்தகமாக விரித்தார். ஹங்கேரியில் பிறந்த மைக்கேல் பொலானி என்ற அறிஞர் ஏற்கெனவே சொன்ன ஒரு கருத்து இதற்கு அடிப்படை: நமக்குத் தெரிந்தவற்றில் ஒரு பெரும் பங்கை வாயால் விளக்க முடியாது. சைக்கிள் ஓட்டுவது மாதிரி. நொனாகா ஒரு படி மேலே போனார். அந்த விளக்க முடியாத அறிவைக் கூடவே இருந்து பழகி உள்வாங்கலாம், பிறகு வார்த்தைகளாகவும் வரைபடங்களாகவும் மாற்றலாம், கடைசியில் பொருளாகவே ஆக்கலாம் என்றார். அதற்கு முதல் சாட்சி, தனாகாவும் பிரெட் மெஷினும்.

கதை நன்றாக இருந்தது, பரவியது. ‘நாலெட்ஜ் மேனேஜ்மெண்ட்’ என்று தனித் துறையே வளர்ந்தது. நிபுணரின் தலையில் இருப்பதை டேட்டாபேஸில் சேமிக்கலாம் என்ற எண்ணம் ஆபீஸ் ஆபீஸாகப் போனது. நொனாகா அவ்வளவு எளிமையாகச் சொல்லவில்லை, தனாகா அங்கே போய்க் கற்றுக்கொண்டதற்கு அவர் பெரிய முக்கியத்துவம் கொடுத்திருக்கிறார். ஆனால் கேட்டவர்களுக்குக் கடைசி வரிதான் ஞாபகம் நின்றது: மாஸ்டரின் கை இப்போது மெஷினுக்குள் இருக்கிறது.

2007-ல் ரோட்ரிகோ ரிபெய்ரோ, ஹாரி காலின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த வரியையே எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். காலின்ஸ் பிரிட்டிஷ் சமூகவியலாளர், விஞ்ஞானக் கூடங்களில் சொல்லப்படாத அறிவு எப்படிக் கைமாறுகிறது என்று பல வருடம் ஆராய்ந்தவர். இவர்கள் கையால் பிரெட் செய்வதையும் மெஷினில் செய்வதையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு செயலாகப் பிரித்துப் பார்த்தார்கள். செயல்கள் இரண்டு வகை என்பது அவர்கள் வாதம். ஒரு வகையை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்தால் போதும். இன்னொரு வகையை இடம் பொருள் ஏவல் பார்த்து மாற்றி மாற்றிச் செய்தால்தான் அது ‘அதே செயல்’ ஆகும்.

என் உதாரணத்தில் சொல்கிறேன். கிரைண்டர் கல் சுற்றுவது முதல் வகை. ‘மாவு போதும், நிறுத்து’ என்று முடிவு செய்வது இரண்டாவது வகை. உளுந்து புதுசா பழசா, எவ்வளவு ஊறியது, இட்லிக்கா தோசைக்கா, எல்லாம் பார்த்துச் சொல்கிற ‘போதும்’ அது.

பிரெட் மெஷின் செய்வதெல்லாம் முதல் வகைதான். மாஸ்டரின் பல செயல்களில் சிலவற்றின் இயந்திர நகல் மட்டும். மாவு இன்றைக்கு ஏன் தண்ணீர் அதிகம் கேட்கிறது என்று அவர் பார்ப்பதும், போதும் என்று அவர் முடிவு செய்வதும் மெஷினுக்குள் போகவே இல்லை. அந்த வேலைகளைச் சுற்றி இருக்கும் மனிதர்கள்தான் செய்கிறார்கள். மெஷின் வேலை செய்கிற மாதிரி தெரிவதற்குக் காரணம், நாம் விட்ட இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கிறோம், நிரப்புவது நமக்கே தெரிவதில்லை.

மீதி அறிவு எங்கே போனது?

நான் இந்த இரண்டு தரப்பையும் படித்துவிட்டு, மாஸ்டரின் அறிவு எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எந்தக் கோதுமை பிரெட்டுக்கு ஆகும் என்ற அறிவு மாவு மில்லில் இருக்கிறது. ஈஸ்ட் நன்றாக இருக்கிறதா என்பது ஈஸ்ட் தொழிற்சாலையில். எதற்கு எது எவ்வளவு என்பது மெஷினோடு வரும் புத்தகத்தின் அளவு அட்டவணையில். இந்த பிரெட் நன்றாக வந்திருக்கிறதா, நாளைக்கு என்ன மாற்றணும் என்பது சாப்பிடுகிறவரிடம். பாத்திரத்தின் மேடுகளில் இருப்பது முறுக்கி இழுக்கும் ஒரு அசைவு மட்டும்.

இன்னொன்றும் உண்டு. மாஸ்டர் எத்தனையோ வடிவத்தில் பிரெட் செய்திருப்பார். மெஷினில் வருவது பாத்திரத்தின் வடிவம் ஒன்றுதான், அடியில் பிளேடு இருந்த ஓட்டையோடு. அதை ‘நல்ல பிரெட்’ என்று நாம் ஏற்றுக்கொண்டோம். மெஷின் பாதி தூரம் வந்தது, மீதிப் பாதி தூரம் நாம் போனோம்.

2010 நவம்பரில் சான்யோ கம்பெனி ‘கோபான்’ என்று ஒரு மெஷின் விட்டது. அரிசியைப் போட்டால் பிரெட்டாக வரும். ஆர்டர் குவிந்து, சில வாரங்களில் புது ஆர்டர் எடுப்பதையே நிறுத்த வேண்டியிருந்தது. உள்ளே நடந்தது என்ன? அரிசியை ஊறவைத்துத் தண்ணீரோடு அரைத்துக் கூழாக்கும் வேலை. நம்ம வெட் கிரைண்டரின் வேலைதான். ஆனால் அரிசியில் குளூட்டன் கிடையாது, வலை உருவாகாது. அதனால் கோதுமைக் குளூட்டனைத் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். மறுபடியும் ஒரு பங்கு அறிவு பாக்கெட்டில் வெளியிலிருந்து வருகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு

இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பார்வை மாறும்.

பெட்டியின் மேல் ‘25 மெனு’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலான மெனுக்கள் பிசையும் நேரம், பொங்கும் நேரம், சுடும் நேரம் ஆகியவற்றை மாற்றிப் போட்ட கூட்டல் கழித்தல்தான். தேவை நான்கு: சாதாரண பிரெட், முழுக் கோதுமை பிரெட், பிசைந்து பொங்க வைப்பது மட்டும், சுடுவது மட்டும். மூன்றாவது முக்கியம். மாவை மெஷின் பிசையட்டும், வடிவம் உங்கள் கையில், சுடுவது ஓவனில். பன், பீட்ஸா எல்லாம் இதில் வரும். நேரங்களை நாமே மாற்றி வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே மேடு இருக்கிறதா, பிளேடு உறுதியாக உட்காருகிறதா, பூச்சு நன்றாக இருக்கிறதா. தேயப்போவது இந்த இரண்டும்தான், அதனால் பாத்திரமும் பிளேடும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஜப்பானில் இருக்கும் உறவினர் வாங்கிவருகிறேன் என்றால் ஒரு எச்சரிக்கை: அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230.

ஈஸ்ட் டிஸ்பென்சர் இருந்தால் நம்ம வெயிலுக்கு உபயோகம். இல்லாத மெஷினில் வரிசை முக்கியம்: முதலில் தண்ணீர், மேலே மாவு, அதன் மேல் குழி செய்து ஈஸ்ட். தண்ணீரும் ஈஸ்ட்டும் பிசையத் தொடங்கும்வரை ஒன்றை ஒன்று தொடக் கூடாது. டிஸ்பென்சர் இருக்கும் மெஷின்களில் ஈஸ்ட் தனி அறையில் இருப்பதால் இந்தக் கவலை இல்லை. அங்கே மாவை முதலில் போடச் சொல்வார்கள். புத்தகத்தைப் பார்த்து அதன்படி செய்யுங்கள். டைமர் வைத்து ராத்திரி போடுவதாக இருந்தால் பாலும் முட்டையும் வேண்டாம்.

கோடையில் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். ஜப்பானிய மெஷின்களின் புத்தகங்களே அறை 25 டிகிரியைத் தாண்டினால் 5 டிகிரி குளிர்ந்த நீர் ஊற்றச் சொல்கின்றன. நமக்கு வருடத்தில் பாதி நாள் அதற்கு மேல்தான்.

கப் அளவை நம்பாமல் எடை மெஷின் ஒன்று வாங்குங்கள். ஒரு கப் மாவை லேசாக அள்ளினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம். இந்த வித்தியாசத்தை மாஸ்டர் கையால் தொட்டுச் சரிசெய்வார், மெஷின் செய்யாது. 100 கிராம் மைதாவுக்கு 60 முதல் 65 கிராம் தண்ணீர், 1.5 முதல் 2 கிராம் உப்பு, 1 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று ஆரம்பிக்கலாம். ஆட்டாவுக்குத் தண்ணீர் 70 முதல் 75 வரை போகும். சக்கிக் கல்லில் அரைபடும்போது ஸ்டார்ச் அதிகம் சிதைவதால் அது கூடுதல் தண்ணீர் உறிஞ்சும். சப்பாத்தி மிருதுவாக வருவதும் அதனால்தான். முழுக்க ஆட்டா போட்டால் பிரெட் கனமாகத்தான் வரும், முதலில் பாதிக்குப் பாதி போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. பிசைய ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள். அந்தக் கட்டத்தில் திறந்தால் ஒன்றும் ஆகாது. மாவு ஒரே உருண்டையாக, சுவரை விட்டுப் பிரிந்து, தொட்டால் லேசாக ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். உதிரியாக இருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர், குழைவாக அடியில் பரவினால் ஒரு ஸ்பூன் மாவு. இந்த ஒரு நிமிடப் பார்வைதான் மெஷினுக்குள் போகாத அந்த இரண்டாவது வகை. சில மாதம் செய்தால் பார்த்ததுமே தெரியும். எப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்டால் உங்களுக்கும் சொல்லத் தெரியாது.

வெந்ததும் உடனே வெளியே எடுத்து, கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு வெட்டுங்கள். உள்ளேயே விட்டால் ஆவியில் மேல்தோல் நமத்துவிடும்.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். 1991 கட்டுரையில் தனாகாவின் பெயர் இருக்கிறது, கம்பெனியின் பெயர் இருக்கிறது, ஹோட்டலின் பெயர்கூட இருக்கிறது. அந்தத் தலைமை பேக்கரின் பெயர் இல்லை. யாருடைய கையை மெஷினுக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னார்களோ, அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடத் தேவை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. மெஷின் விற்பனைக்கு வந்த மறுநாளும் அவர் ஹோட்டல் மாவை அவர்தான் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், அந்த வேலையைப் பெட்டி எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை உங்கள் ஆபீஸில் இருபது வருட அனுபவசாலியிடம் இரண்டு வாரத்தில் கே.டி. வாங்கிவிடலாம் என்று யாராவது பிளான் போட்டால், இந்த பிரெட் மெஷின் கதையைச் சொல்லுங்கள். 2007 வரைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.